மேபல் கை கொடுக்கவில்லை

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி என்னைக் கேட்டவர் என் அக்காவின் கணவர். நான் இந்த நகரத்துக்கு வந்த புதிதில் என் வேலையைப் பற்றி வாய் திறக்கவேண்டாம் என்று கண்ணால் காட்டியவரும் அவர்தான். அவர்களுடைய மவுண்ட் ஆல்பர்ட் வீட்டு முன்னறையில் விருந்தினர் யாராவது "நீங்கள் என்ன செய்யிறியள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டால், நான் பதிலைத் தேடி எடுப்பதற்குள் அத்தான், "மச்சான் அனிமல் சயன்ஸ் பக்கம்" என்று சொல்லிவிடுவார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அந்தச் சொல்லைக் கேட்டதும் தேத்தண்ணீர் கொண்டுவருகிற சாட்டில் குசினிக்குப் போய்விடுவேன்.

அண்மையில் தொலைக்காட்சியில் நான் வேலை செய்த மிருகச் சரணாலயத்தைக் காட்டினார்கள். மறுநாள் அத்தான் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தர்மு, உன்ர குரங்கை டிவியில காட்டினவங்கள். அந்தக் கை குடுக்கிற குரங்கு. அதைப் பற்றி மலருக்கு எழுதித் தாவன். பகிடியா எழுது. சனத்துக்குப் பகிடிதான் வேணும்."

"அது குரங்கில்லை அத்தான். சிம்பன்சி. வால் இல்லை."

"சரி, வாலில்லாத குரங்கு. படம் இருக்கோ? முன்பக்கத்தில போடலாம்."

படம் தரமாட்டேன் என்று சொன்னேன். அத்தானுக்கு நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசியில் அவர், "சரி, எழுதவாவது எழுது" என்றார்.

இதை வாசிக்கிற உங்களில் பலரிடம் அந்தப் படம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் மரக்கறி வாங்கி முடித்து, பிள்ளைகளைக் காரில் ஏற்றி, மேற்கே மலையடிவாரத்துக்குப் போய் மேபல் என்ற அந்தச் சிம்பன்சியைப் பார்த்திருப்பீர்கள். அவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டுவாள். நீங்களும் வேலிக்கு இப்பால் நின்று கையை நீட்டுவீர்கள். இரண்டு கைக்கும் நடுவில் இடைவெளி இருந்தாலும் படத்தில் கை குலுக்குவது போலத் தெரியும். உங்களில் சிலரை நான் அங்கே கண்டிருக்கிறேன். சாம்பல் நிற மேலாடையும் ரப்பர் பூட்சும் போட்டு வாளியோடு போகிறவனை நீங்கள் காணவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, யாரும் காணாமல் இருப்பதுதான் எனக்கு வசதி.

ஆனால் மேபல் உங்களுக்குக் கை கொடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பகிடி இதில் கிடைக்காது.

கொழும்பு மிருகக்காட்சிச்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் மிருகங்களின் கூடு கழுவினேன். தண்ணீரை மேலிருந்து கீழே அடிக்கவேண்டும், மருந்துத் தண்ணீரை ஊறவிட்ட பிறகுதான் தேய்க்கவேண்டும், மிருகத்துக்கு முதுகு காட்டக்கூடாது. அங்கே கற்றது இவ்வளவுதான். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அக்கா என்னை இங்கே எடுத்தாள். சரணாலயத்துக்குக் கழுவுகிற ஆள் தேவை என்ற விளம்பரத்தை வாசித்துச் சொன்னதும் அவள்தான். அந்த இடம் அரசாங்கத்தினுடையது அல்ல. சர்க்கஸ்களும் ஆய்வுகூடங்களும் வேண்டாமென்று விட்ட மிருகங்களைச் சில வசதியான மனிதர் சேர்ந்து வைத்திருந்தார்கள். பராமரிப்பு முழுவதும் நோரீன் என்ற பெண்ணின் கையில் இருந்தது.

வேலை கேட்டுப் போன அன்று நோரீன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தரை தேய்க்கிற தும்புத்தடியைக் கையில் தந்து ஒரு கூட்டைக் காட்டினார். நான் கழுவி முடிக்கும் வரைக்கும் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தார். பிறகு, "திங்கட்கிழமை வா" என்றார். தர்மலிங்கம் என்ற என் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "டாம்" என்று வைத்துக்கொண்டார்.

நோரீன் தெற்கே மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவர். ஐம்பது தாண்டியவர், நெடிய ஆள். மிருகத்தோடும் மனிதரோடும் ஒரே தாழ்ந்த குரலில்தான் கதைப்பார். இந்த நாட்டார் எதற்கும் 'சரியாகிவிடும்' என்று சொல்லிக் கடந்துபோவார்கள். கூரை ஒழுகினாலும் சரியாகிவிடும், கால் முறிந்தாலும் சரியாகிவிடும். நோரீன் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு யாராவது சொன்னால், "யார் சரியாக்குவது?" என்று கேட்பார். கேட்டது கேள்விதான் என்பதால் பதில் வரும்வரை பார்த்துக்கொண்டும் நிற்பார்.

அவருடைய ஒழுங்குகள் கடுமையானவை. சிம்பன்சிக் கூட்டில் இரண்டு கதவுகள். ஒன்றைப் பூட்டியவர் "பூட்டியாச்சு" என்று உரக்கச் சொல்லவேண்டும். மற்றவர் ஆமைப்பூட்டைத் தானும் இழுத்துப் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்லவேண்டும். அதன் பிறகுதான் அடுத்த கதவின் பூட்டில் திறப்பைப் போட்டுத் திருகலாம். ஒருநாள் நான் வெட்கத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டேன். அவர் அசையவில்லை. நான் உரக்கச் சொல்லும் வரைக்கும் மழையில் நின்றார். சாப்பாட்டைக் கையால் கொடுக்கக்கூடாது. கூமராக் கிழங்கையும் சில்வர்பீட் கீரையையும் வைக்கோலுக்குள் தூவிவிடவேண்டும், தேடி எடுத்துத் தின்னட்டும். கம்பிக்குள் விரலை நுழைக்கக்கூடாது. சிம்பன்சியின் கண்ணை நேராகப் பார்க்கக்கூடாது. பல் தெரியச் சிரிக்கக்கூடாது, அவற்றுக்குப் பல்லைக் காட்டுவது பயத்தின் அடையாளம்.

இந்தக் கடைசி இரண்டும் எனக்குச் சுலபம். நான் மனிதரையே நேராகப் பார்க்காதவன்.

"உனக்கு இதையெல்லாம் யார் பழக்கினது?" என்று நோரீன் ஒருநாள் கேட்டார்.

"பழக்கம் இல்லை, வெட்கம்" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அவர் சிரித்தார், வாயை மூடிக்கொண்டு.

நான் சேரும்போது அங்கே ஒரு சிம்பன்சிதான் இருந்தது. பென்னி. அரைக் காற்சட்டை போட்டு மேசையில் தேத்தண்ணீர் குடிக்கிற வேடிக்கைக்குக் குட்டியிலிருந்து பழக்கப்பட்டவன். வயதாகி, மனிதரைக் கடிக்கத் தொடங்கியதும் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். மேபல் அடுத்த வருடம் வந்தாள்.

அவள் வேறொரு நாட்டின் ஆய்வுகூடத்தில் பிறந்தவள். எந்த நாடு என்று எங்களுக்குச் சொன்னார்கள், நான் எழுதவில்லை. மனிதருக்கு வருகிற செங்கமாரிக்கு, அதாவது மஞ்சள்காமாலைக்கு, தடுப்பூசி தேடியவர்கள் அவளுக்கு அந்த நோயைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் யாரோ நல்ல மனம் கொண்டவர்கள் கடிதம் எழுதி, பணம் சேர்த்து, அவளை இங்கே அனுப்பினார்கள். நெஞ்சில் பச்சை குத்திய எண் இருந்தது. மேபல் என்பது நோரீன் வைத்த பெயர்.

எங்கள் மிருக வைத்தியர் டொக்டர் அருள் அவளை அடைத்த பெட்டியோடு வந்தார். ஈப்போப் பக்கத்து மலேசியத் தமிழர், இங்கே படித்து இங்கேயே தங்கியவர். நான் பென்னியோடு தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டு நின்றுவிட்டார்.

"அட, தமிழாண்ணே நீங்க?"

"ஓம், டொக்டர்."

"ஓமா! யாழ்ப்பாணம்! பென்னிகிட்ட என்னா பேசுனீங்க, ஒண்ணும் புரியலையே."

"நீங்கள் கதைக்கிறதும் எனக்குப் பாதிதான் விளங்குது."

"பென்னிக்கு ரெண்டும் புரியும்ண்ணே, விடுங்க" என்று என் தோளில் தட்டினார். நான் கூச்சத்தில் விலகினேன். பிறகு என்னிடம் விஷயத்தை விளக்கியதும் அவர்தான். "ரெண்டு வாட்டி ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு, நோய் இல்ல. ஆனா இது ஒளிஞ்சிருக்கிற நோய்ண்ணே. ஒரு வருஷம் கழிச்சு மூணாவது வாட்டி பாக்கணும். அதுலயும் இல்லன்னா பென்னிகூட விட்ரலாம்."

"இருந்தால்?"

"இருந்தா தனி ரூம்தான். சாகுற வரைக்கும்."

அந்தத் தனி அறையில்தான் அந்த ஒரு வருடமும் அவள் இருந்தாள், நான் தினமும் கழுவினேன். சீமெந்துத் தரை, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். மேபலுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. சிம்பன்சிகள் ஐம்பது வரைக்கும் இருக்கும். அந்த மூன்றாவது இரத்தத்தில்தான் அவளுடைய முப்பது வருடம் தங்கியிருந்தது.

வந்த அன்று பெட்டியிலிருந்து வெளியே வந்தவள் தரையில் கால் வைக்கவில்லை. ஆய்வுகூடத்தில் அவள் இருந்த கூடு நிலத்தில் வைத்ததல்லவாம். கூரையில் தொங்கவிட்டது, கீழேயும் கம்பி வலை. கழிவு வலைக்கூடாக விழுந்துவிடும், கழுவுவதற்கு ஆள் உள்ளே போகவேண்டியதில்லை. ஆகவே தரை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பியைப் பற்றிக்கொண்டு தொங்கினாள். வைக்கோலைக் கண்டு கத்தினாள்.

என் பூட்ஸ் சத்தம் கேட்டதும் கம்பியை விடாமலே முன்னுக்கு வந்தாள். இடக் கையைக் கம்பிக்கு வெளியே முழுவதும் நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பினாள். முகத்தை மறுபக்கம், சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொண்டாள். காலால் கம்பியைப் பற்றியபடி அசையாமல் நின்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பசியென்று நினைத்தேன். டொக்டர் அருள் அந்தக் கையின் மடிப்பைக் காட்டினார். மயிர் இல்லாமல், தோல் தடித்து, தழும்பாக இருந்தது.

"ஊசிண்ணே" என்றார். "கைய நீட்டுனா ஊசி, ஊசி போட்டா ஒரு திராட்சை. நீட்டலைன்னா ஊதுகுழாய்ல மயக்க மருந்து அடிச்சு எடுப்பாங்க. பழகிருச்சு."

இடக் கையை யாரும் தொடவில்லை என்று கண்டதும் மேபல் அதை உள்ளே எடுத்துவிட்டு வலக் கையை நீட்டினாள்.

நோரீன் வெளியே போனார். மழையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தலை நனைந்தபடி வந்து, "அந்தக் கையை யாரும் தொடக்கூடாது" என்றார். "தடவக்கூடாது, பழம் வைக்கக்கூடாது, பார்க்கவும் கூடாது. இங்கே சாப்பாட்டுக்கு அவள் ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை. அது அவளுக்குத் தெரியவேண்டும்."

சொல்வது சுலபம். ஒரு உயிர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அதைக் கடந்து போய்த் தரை கழுவிப் பாருங்கள். காலையில் நான் உள்ளே போவேன், கை வெளியே வரும். நான் கம்பிக்கு இப்பால் கீழே பார்த்துக்கொண்டு தேய்ப்பேன். தேய்த்து முடித்து, கம்பிக்கூடாகக் கீரை தூவி, வெளியேறி, கதவைப் பூட்டி, பூட்டியாச்சு என்று சொல்வேன். கை அப்படியே நிற்கும். களைத்துத் தாழும். மற்றக் கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்வாள், உள்ளே எடுக்கமாட்டாள்.

காலை பத்து மணிக்கு இங்கே தேநீர் இடைவேளை, ஸ்மோகோ என்பார்கள். ஒருநாள் அப்போது நான் நோரீனிடம் கேட்டுவிட்டேன்.

"ஒருதரம் தொட்டால் என்ன? பாவமாக இருக்கிறது."

"யாருக்குப் பாவம்?"

"அவளுக்கு."

"தொட்டால் ஆறுதல் உனக்குத்தான் வரும், டாம். நாளைக்கும் அவள் நீட்டுவாள்." கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார். கதவடியில் நின்று, "எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிப் போனார்.

மாதங்கள் போயின. கை நிற்கிற நேரம் குறைந்தது. ஒருநாள் நீட்டிய கையை உள்ளே எடுத்துத் தன் முழங்காலைச் சொறிந்தாள், பிறகு திரும்ப நீட்ட மறந்துபோனாள். இன்னொரு நாள் வைக்கோலில் ஒரு கால் வைத்தாள். இலையுதிர் காலத்தில் ஃபீஜோவா மரங்களின் கீழ் பழம் கொட்டிக் கிடந்தது. வாளியில் பொறுக்கி வந்து தூவினோம். மேபல் வைக்கோலை விலக்கி விலக்கித் தேடி, இரண்டு கையிலும் இரண்டு காலிலும் பழத்தோடு ஒரு மூலையில் போய் இருந்துகொண்டு தின்றாள். நான் உள்ளே போனேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. திரும்பவும் தின்னத் தொடங்கினாள்.

நோரீன் அன்று பேக்கரியிலிருந்து கிறீம் பண் வாங்கி வந்தார். ஆளுக்கு இரண்டு தின்றோம்.

அந்த இலையுதிர் காலம் முடியமுதல் மூன்றாவது இரத்தம் எடுக்கவேண்டிய நாள் வந்தது. டொக்டர் அருள் ஊசிப் பெட்டியோடு வந்தார். சரணாலயக் குழுவின் தலைவரும் வந்திருந்தார். கார் விற்றுப் பெரிய ஆளானவர், நல்ல கழுத்துப்பட்டி, மிருகங்களுக்காகத் தன் பணத்தையும் கொடுத்தவர். அதை மறைக்கக்கூடாது.

டொக்டர் கம்பிக்கு முன்னால் குந்தினார். மேபல் பின் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். திராட்சை காட்டினார். வரவில்லை.

"கை குடுக்கும்னுதானே சொன்னாங்க" என்றார் என்னிடம்.

"இப்ப குடுக்கிறேல்லை, டொக்டர். நாங்கள்தான் மறக்கப் பண்ணினது."

அவர் நோரீனைப் பார்த்தார். நோரீனின் முகத்தில் பெருமை இருந்தது, அதோடு பயமும் இருந்தது. மேபல் எங்களிடம் கற்றதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தாள். அவள் பென்னியிடம் போகவேண்டுமென்றால் அதையே செய்யாமல் விடவேண்டும்.

நோரீன் தவணை கேட்டார். கையை அவளாகவே விரும்பித் தருவதற்குப் புதிதாகப் பழக்கலாம், பயமில்லாமல், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ள விட்டுப் பழக்கலாம், குளிர்காலம் முடியும்வரை போதும் என்றார். தலைவர் நேரம் இல்லை என்றார். வசந்தத்தில் திறப்பு விழா. பென்னிக்கு மணப்பெண் வருகிறாள் என்று பத்திரிகைக்குச் சொல்லியாகிவிட்டது, பள்ளிக்கூடங்களுக்கு அழைப்பும் போய்விட்டது. இரத்தத்தின் முடிவு வந்து, அனுமதி கிடைத்து, கூடு கட்டி முடியவேண்டும்.

"மயக்க ஊசி அடியுங்கள்" என்றார். "அவளுக்கு ஒன்றும் ஆகாது. சரியாகிவிடும்."

"யார் சரியாக்குவது?" என்று நோரீன் கேட்டார்.

டொக்டர் என்னிடம் தமிழில், "நான் இல்லன்னா வேற ஒருத்தன் வந்து அடிப்பான்ண்ணே. நான் அடிச்சா அளவாவது சரியா இருக்கும்" என்றார். அவருக்கு அதைச் செய்ய விருப்பமில்லை என்பது தெரியவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வண்டிக்குப் போய் ஊதுகுழாயை எடுத்துவந்தார். ஒரு நீண்ட குழாய், அவ்வளவுதான். அதைத் தோளுயரத்துக்குத் தூக்கவும் இல்லை. கதவால் உள்ளே வந்தவரின் கையில் அதைக் கண்டதும் மேபல் ஓடி வந்தாள். பின்னுக்கு அல்ல. முன்னுக்கு ஓடி வந்து கம்பியில் மோதிக்கொண்டு கையை வெளியே நீட்டினாள். ஒன்றை அல்ல, இரண்டையும். இரண்டு உள்ளங்கையையும் மேலே திருப்பி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சிறுநீர் போய்விட்டது.

டொக்டர் குழாயை நிலத்தில் வைத்துவிட்டு, குந்தி, ஊசி எடுத்து, இரத்தம் எடுத்தார். அவள் அசையவில்லை. எடுத்து முடிந்ததும் கையை விரித்துக்கொண்டு காத்திருந்தாள். திராட்சைக்குத்தான். டொக்டர் அதை உள்ளங்கையில் வைத்தார். வைக்காமல் அவரால் என்ன செய்ய முடியும்?

"பார்த்தீர்களா, எவ்வளவு நல்ல பிள்ளை!" என்றார் தலைவர். "இவ்வளவுக்கும் இத்தனை கதை."

நோரீன் வெளியே போய்விட்டார். நான் சிறுநீரைக் கழுவினேன். என் முன்னாலும் கை நீண்டது.

இரத்தத்தில் நோய் இல்லை என்று முடிவு வந்தது. டொக்டர் அருள் அதைச் சொல்ல நேரிலேயே வந்தார். "ஜெயிச்சிட்டோம்ண்ணே" என்றார். தோளில் தட்டவில்லை.

திறப்பு விழா அன்று நல்ல வெயில். புற்தரையும் மரக்குற்றிகளும் கயிறுகளும் வைத்த பெரிய கூடு, முன்னால் சனம், பள்ளிப் பிள்ளைகள், படம் பிடிக்கிறவர்கள். பென்னியை முதலில் விட்டோம். பிறகு மேபலின் கதவைத் திறந்தோம். அவள் வாசலில் நின்று சனத்தைப் பார்த்தாள். பென்னி எழுந்து அவளை நோக்கி நடந்தான். மெதுவாக, தலையைத் தாழ்த்திக்கொண்டு, உதட்டைக் குவித்துக்கொண்டு. அவன் அப்படி நடந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

மேபல் அவனுக்குக் கையை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனம் அதைக் கண்டு கைதட்டியது. மணப்பெண் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கிறாள் என்று யாரோ கத்தினார்கள், எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டல் கேட்டதும் பென்னி நின்றான். அவன் பழகிய வேடிக்கையில் கைதட்டல் என்பது அடுத்ததைச் செய் என்ற கட்டளை. மேபலை விட்டுவிட்டுக் கம்பிக்கு வந்தான். மேசையே இல்லாத இடத்தில் மேசைக்கு இருப்பது போல நிமிர்ந்து இருந்தான். இல்லாத கோப்பையைத் தூக்கிக் குடித்தான். சனம் இன்னும் பலமாகத் தட்டியது. அவன் இன்னும் குடித்தான். அவனுக்குப் பின்னால் மேபல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் படஅட்டை அச்சாகி வந்தது. 'ஹலோ! நான் மேபல்' என்று எழுதி, நீட்டிய கை. வாசலில் ஒரு பலகையும் வைத்தார்கள். 'மேபல் கை கொடுப்பாள்' என்று அதில் எழுதியிருந்தது. சனி ஞாயிறுகளில் மட்டும் திறந்தார்கள், கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்தின் காசில்தான் சரணாலயம் ஓடியது என்பதும் உண்மை. நோரீன் பலகையை எடுக்கச் சொல்லிக் குழுவோடு வாதாடினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தலைவரிடம், "கையைக் கீழே போடுங்கள்" என்று சொல்லிவிட்டார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். அந்த மனிதர் முறைப்பாடு செய்தார். குழு நோரீனை ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது.

அவர் போகிற நாளில் என்னிடம் கூட்டுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையைத் தந்தார்.

"வாரநாட்கள் உன்னுடையவை, டாம்" என்றார். "அவற்றை விட்டுவிடாதே."

விடவில்லை. அடுத்து வந்த வருடங்களில் என் வேலை அதுதான். திங்கட்கிழமை நான் உள்ளே போகும்போது கை நீட்டியபடி இருக்கும். நான் பார்க்கமாட்டேன். செவ்வாய், புதன் கொஞ்சம் தளரும். வியாழன் மாலையில் கை மடியில் கிடக்கும். அப்போதுதான் பென்னி வருவான். மற்ற நாட்களிலும் வருவான், ஆனால் நீட்டிய கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்று போய்விடுவான். கை மடியில் இருந்தால் அவளுக்குப் பின்னால் இருந்துகொண்டு முதுகு மயிரை விலக்கி விலக்கிப் பார்ப்பான். மேபல் கண்ணை மூடிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை முழுவதும் அப்படி இருப்பார்கள். நான் அன்றைக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயைத் திருப்பவே மாட்டேன்.

சனிக்கிழமை வாசலைத் திறப்பார்கள்.

நான் ஒருதரம் புதிய பொறுப்பாளரிடம் கேட்டேன், ஒரு மாதம் சனத்தை அந்தப் பக்கம் விடாமல் இருக்கலாமா என்று. அவர் நல்ல பொடியன். "அவளுக்குப் பார்வையாளர்களைப் பிடிக்கும், டாம். பார், எப்படி ஓடி வருகிறாள்" என்றார். விளக்குவதற்கு என்னிடம் சொல்லும் இல்லை, துணிவும் இல்லை. டொக்டர் அருள் எனக்காகக் குழுவில் பேசினார். கேட்டுக்கொண்டார்கள். பலகை அப்படியே இருந்தது. பிறகு என் முதுகு போய்விட்டது. வாளி தூக்கக்கூடாது என்றார்கள். ஐம்பது சொச்சம் வயதில் வீட்டில் இருக்கிறேன்.

அத்தான் தொலைபேசியில் கேட்ட பிறகு, எழுதமுதல் ஒருதரம் பார்த்துவிட்டு வருவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனேன். ரயிலில் போய், அங்கிருந்து பஸ். வேலையை விட்டபின் அதுதான் முதல் தடவை. கோயிலுக்குப் போகிற சப்பாத்தும் நல்ல மேலாடையும் போட்டிருந்தேன். மற்றவர்களோடு வரிசையில் நின்று வேலிக்கு முன்னால் போனேன்.

மேபல் புல்லில் இருந்தாள். முகவாய் மயிர் நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள். எழுந்து வந்தாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைத் திருப்பி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டு, "வெட்கப்படாதீர்கள், அவள் உங்களுக்குக் கை கொடுக்கத்தான் நிற்கிறாள்" என்றாள். நான் இரண்டு கையையும் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். பின்னால் வந்தவர்கள் என்னை விலகச் சொன்னார்கள். விலகவில்லை. சிலர் காத்திருந்து அலுத்துப் போனார்கள். மழை தூறத் தொடங்கியதும் மற்றவர்களும் கூரைக்குக் கீழே ஓடிவிட்டார்கள். நான் நின்றேன்.

வெகு நேரத்துக்குப் பிறகு கை தளர்ந்தது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு. மேபல் அதை உள்ளே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு புல்லில் இருந்தாள். அந்தப் பக்கத்து மரக்குற்றியிலிருந்து பென்னி இறங்கினான். தலையைத் தாழ்த்திக்கொண்டு அவளை நோக்கி நடந்து வந்தான்.

மழை விட்டது. கூரைக்குக் கீழே நின்ற ஒரு குடும்பம் குடையைச் சுருக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றது. தகப்பன் பிள்ளையைத் தூக்கி வேலிக்கு மேலே பிடித்தார். பிள்ளை மேபலைக் கண்ட சந்தோஷத்தில் கைதட்டியது.

பென்னி பாதி வழியில் நின்றான்.